வலது கால் மெட்டி

1

என் வலது முழங்காலுக்கு இந்த வருடமும் பிறந்தநாள் கொண்டாடினோம். சிரிக்காதீர்கள். இந்தக் கிளாஸ்கோ ஊரில் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், பூனைக்குக் கேக் வெட்டுகிறார்கள். என் முழங்கால் அதற்கெல்லாம் எந்த விதத்தில் குறைச்சல்? எங்கள் வீட்டுக்காரர் சண்முகம் நெய் ஒழுக ஒழுகக் கேசரி கிளறினார். மகள் நிலா கேக் வாங்கி வந்து, ஒற்றை மெழுகுவர்த்தியை நட்டு, என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, "ஹேப்பி பர்த்டே டியர் மூட்டு" என்று தொண்டை கிழியப் பாடினாள். மெழுகுவர்த்தியை முழங்கால் ஊத முடியாதே என்று நான்தான் அதன் சார்பில் ஊதினேன்.

பாட்டு முடிவதற்குள் போன் அடித்தது. ஊரிலிருந்து மல்லிகா அக்கா, வீடியோ காலில். எனக்கு நேர் மூத்தவள். வழக்கம்போல அவளுடைய நெற்றியும் பின்னால் ஓட்டுக்கூரையும்தான் தெரிந்தன.

"ஏட்டி செல்வி, அங்க என்ன ஒரே பாட்டும் கூத்துமா இருக்கு?"

"என் காலுக்குப் பொறந்தநாள்க்கா."

"காலுக்கா? மூட்ட மாத்துனவங்க மண்டையையும் சேத்து மாத்திட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு போனைக் கீழே இறக்கித் தன் முழங்காலைக் காட்டினாள். இரண்டும் பலாக்காய் கணக்காக வீங்கியிருந்தன.

"டாக்டரு ரெண்டும் தேஞ்சு போச்சுன்னுட்டாரு. மொதல்ல வலதுகால மாத்தணும்கிறாரு. நான் மாட்டவே மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"உங்கால்ல ரத்தம் நின்ன மாதிரி எங்கால்லயும் நின்னுட்டா? உனக்கு உம் மாப்பிள்ள இருந்தாரு, பாத்தாரு. எனக்கு யாருட்டி இருக்கா, போர்வையத் தூக்கிப் பாக்கதுக்கு?"

கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அத்தான் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. அக்கா இப்போது வட்டவடையில் மகன் முருகேசனோடு இருக்கிறாள். அவன் மூணாறுக்கு ஜீப் ஓட்டுகிறான். வீடு ஒரு சரிவில் இருக்கிறது. சுற்றிலும் கேரட்டும் பூண்டும். கக்கூஸுக்குப் போகவே படி இறங்க வேண்டும். அவள் அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி சறுக்கித்தான் இறங்குகிறாளாம். இதை அவள் சொல்லவில்லை. முருகேசன் பிறகு தனியாகப் போன் செய்து சொன்னான்.

என் கால் கதையைச் சிரிக்கச் சிரிக்க ஊரெல்லாம் சொல்லிவைத்தவள் நான்தான். அதைக் கேட்டு அக்கா பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

2

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நாங்கள் யார் என்று கொஞ்சம்.

நான் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அக்காவும் அம்மா வழியிலேயே கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் மட்டும் மூணாறில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கப் போனேன். அங்கே சமையலுக்கு வந்திருந்தவர்தான் சண்முகம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. தென்னையையும் நெல்லையும் விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தவர். இரண்டு பேரும் கேரளத்துத் தமிழர்கள்தான், ஆனால் அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது. நான் பேசுவது சண்டை போடுவது மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்வார். கல்யாணமாகி அவருடைய "ஊட்டுக்கு"ப் போன முதல் வாரம், மாமியார் எதைச் சொன்னாலும் நான் சிரித்துச் சமாளித்தேன். நல்ல மருமகள் என்று பேர் வாங்கியது அப்படித்தான்.

பிறகு வளைகுடா, அதற்குப் பிறகு கிளாஸ்கோ. அவர் ஒரு ஓட்டலில் தோசைக் கல் முன்னால் நின்றார். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் நின்றேன். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாகத் தட்டில் வைக்கும் வேலை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுவது ஆங்கிலம்தான் என்று எனக்கு நம்பிக்கை வரவே நாளாயிற்று. கடைக்காரி என்னை "ஹென்" என்று கூப்பிட்டாள். ஹென் என்றால் கோழியாச்சே! கோபத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னால், அது இங்கே கண்ணே, தாயே என்பது மாதிரியாம். இப்போது யாராவது ஹென் என்று கூப்பிடாவிட்டால்தான் எனக்கு வருத்தம்.

நின்று நின்றே முழங்கால் தேய்ந்தது. நடந்தால் கெண்டைக்காலும் இழுத்துப் பிடிக்கும்; கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். அதுவும் மூட்டு வலியின் சொந்தக்காரன்தான் என்று நானே முடிவு கட்டி, டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். சர்க்கரை வேறு இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தால், உங்களுக்குக் கடிதம் வரும் என்று ஒரு கடிதம் வந்தது. அப்புறம், கடிதம் வரத் தாமதமாகும் என்று இன்னொரு கடிதம் வந்தது. எங்கள் ஊர் வில்லேஜ் ஆபீசில் நாளைக்கு வா என்று வாயால் சொல்லி அனுப்புவதை, இங்கே நல்ல காகிதத்தில் அச்சடித்து, மன்னிப்புக் கேட்டு, தபால் தலை ஒட்டி அனுப்புகிறார்கள். மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

3

கடைசியில் நாள் வந்தது. அறுவை சிகிச்சை அறைக்குப் போகும் முன், உடம்பில் இருக்கும் உலோகத்தையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலிக்கொடியை நிலாவிடம் கொடுத்தேன். இடது கால் மெட்டிமேல் பிளாஸ்திரி ஒட்டி விட்டுவிட்டார்கள். வலது கால் மெட்டி மட்டும் கூடவே கூடாதாம். வெட்டப் போகிற கால் அதுதானே. கல்யாணத்தன்று அம்மிமேல் கால் வைத்தபோது போட்டது, விரலோடு விரலாக ஊறிக் கிடந்தது. மோராக் என்ற நர்ஸ் சோப்புத் தண்ணீர் ஊற்றி, ஊற்றி, ஒருவழியாக உருவினாள். சண்முகம் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகம் சரியாக இல்லை. என் மூட்டை வெட்டப் போவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. வெறும் விரலைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இடுப்பில் ஊசி, காலுக்கு இன்னொரு ஊசி. காலையிலேயே எல்லாம் முடிந்தது. கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே நான் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. மோராக் வந்து விரலை அமுக்கினாள், புறங்காலைத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இனிமேல்தான் என் சாமர்த்தியம் ஆரம்பம்.

மதியத்துக்கு மேல் குளிர்கிற மாதிரி இருந்தது. தேவிகுளத்துக்காரிக்குக் குளிர்ந்தால் என்ன செய்யத் தெரியும்? காய்ச்சலா, சாக்ஸ் போடு. தலைவலியா, சாக்ஸ் போட்டுக் குல்லா மாட்டு. பிள்ளை பெற்றவளா, இரண்டு ஜோடி சாக்ஸ். லயத்தில் எந்த வியாதிக்கும் கால் மூடாமல் கஷாயம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பையில் அக்கா பின்னி அனுப்பிய கம்பளிச் சாக்ஸ் இருந்தது. நிலாவிடம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டச் சொன்னேன். அவளும் பாவம், அம்மா சொல்கிறாளே என்று மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

வேலை மாறும் நேரம். மோராக் போகிற அவசரத்தில் எட்டிப் பார்த்து, "யூ ஆல்ரைட், ஹென்? கால் எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பளிச்சென்று பல் தெரியச் சிரித்து, ஃபைன் என்றேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பழகிய பதில் அது. அங்கே வலிக்கிறது என்று சொன்னால் ஒரு நாள் வேலை போகும், வேலை போனால் சம்பளம் போகும். அதனால் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் எங்கள் பெண்கள் சொல்வார்கள். ஃபைன் என்று சொன்னதும் மோராக்குக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். புதிதாக வந்தவள் டீ கொடுத்து முடித்ததும் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கால் மரத்துக் கிடந்தது. அதுதான் ஊசி போட்டிருக்கிறார்களே என்று நானும் டீ குடித்தேன்.

4

சாயங்காலம் பார்வையாளர் நேரம். சண்முகம் ரசம் பிளாஸ்க்கோடு வந்தார். ரசத்தை மேசையில் வைத்தார், அக்கம் பக்கம் பார்த்தார், திரையை இழுத்தார். இழுத்தது பாதியிலேயே சிக்கிக்கொண்டது.

"என்னங்க பண்றீங்க?"

"நீ சும்மா இரு புள்ள. ஒரு காலு வெறுமையா இருக்குது. எனக்குக் காலைல இருந்து சோறே எறங்கல."

கைக்குட்டையைப் பிரித்து மெட்டியை எடுத்தார். கட்டிலோரமாக மெதுவாக முட்டி போட்டு உட்கார்ந்தார். அவருடைய தொப்பைக்கு அது சின்ன வேலை இல்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஜீன் என்று ஒரு கிழவி, இடுப்பு எலும்பு மாற்றியவள். பாதித் திரை வழியாக இதைப் பார்த்துவிட்டு, "மோதிரம்! கல்யாணத்துக்குக் கேட்கிறான்!" என்று ஆங்கிலத்தில் கூவிக் கைதட்ட ஆரம்பித்தாள். எதிர்க் கட்டிலும் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். மருந்து மயக்கத்தில் நானும் கைதட்டினேன் என்று பிறகு ஜீன் சொன்னாள்.

சண்முகம் எதையும் கவனிக்கவில்லை. ஒரு சாக்ஸை உருவினார். அடுத்ததையும் உருவினார். விரலைப் பிடித்தவர் அப்படியே இருந்தார்.

"ஏம்புள்ள, காலு ஐஸ்கட்டியாட்டம் இருக்குது."

"ஸ்காட்லாந்துல பின்ன எப்படி இருக்கும்?"

அவர் இடது கால் சாக்ஸுக்குள்ளும் கை விட்டுப் பார்த்தார்.

"இல்ல புள்ள. அந்தக் காலு சூடா இருக்குது. இந்தக் காலு இப்புடி இருக்குது. தோலெடுத்த முள்ளங்கியாட்டம் வெளுத்துக் கெடக்குது." காலையில் சோப்புப் போட்டு உருவிய அதே மெட்டியை விரலில் விட்டார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அந்த விரலில் மெட்டி அப்படி ஒரு நாளும் போனதில்லை. "நான் தொடறது தெரியுதா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் விரலைக் கிள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. விசில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சண்முகம் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று வார்டே அதிர, "சிஸ்டர்! என்ற பொண்டாட்டி கால்ல உசுரு இல்லீங்க!" என்று தமிழிலேயே கத்தினார். ஆச்சரியம், எல்லோருக்கும் புரிந்தது. கைதட்டல் நின்றுவிட்டது.

5

புது நர்ஸ் ஓடி வந்து புறங்காலில் விரல் வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து வந்து, காலில் பசை தடவி, அதை அழுத்தினாள். இடது காலில் வைத்தால் ஊஷ், ஊஷ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம். வலது காலில் வைத்தால் மழை பெய்யும்போது ரேடியோ இரைகிற மாதிரி வெறும் இரைச்சல். அவள் முகத்தைப் பார்த்து நான் சிரிப்பை நிறுத்தினேன்.

அப்புறம் கட்டில் ஓடியது. விளக்குகள் ஓடின. ஏதோ மருந்தை ரத்தத்தில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். ரத்தக்குழாய் டாக்டர், நெட்டையான ஒரு பெண், என் தலைமாட்டில் குனிந்து சொன்னாள். முழங்காலுக்குப் பின்னால் போகும் பெரிய குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. சர்க்கரையால் அந்தக் குழாய் முன்பே கெட்டிப்பட்டிருந்திருக்கிறது. கெண்டைக்கால் இழுத்ததெல்லாம் அதனால்தான். இது எப்போதோ ஒருவருக்கு வருவது, ஆனால் வந்தால் நேரம்தான் எல்லாம். பலூன் வைத்த மெல்லிய குழாயை விட்டு அடைப்பை இழுக்கப் போகிறோம். முடிந்தவரை பார்ப்போம்.

இதை எனக்குத் தமிழில் சொன்னது நிலா. கிளாஸ்கோவில் வளர்ந்த பெண். பாதி அவள் அப்பா தமிழ், பாதி என் தமிழ், மேலே ஸ்காட்லாந்து இழுவை. வளர்ந்த பிறகு எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். நாம் பேசுவது இவளுக்கு இன்னும் எத்தனை நாளைக்குப் புரியப்போகிறது என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் சொன்னாள்:

"அம்மா, கால எடுக்க வேண்டி வரலாம். வராமலும் போகலாம். நீ சரின்னு சொல்லணும்மா."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. மயக்கம் அப்படி. "கால எடுத்துட்டா அந்த மெட்டிய என்னடி பண்றது?" என்று கேட்டேன். நிலா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். சண்முகம் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். மெட்டி மறுபடியும் அங்கே போய்விட்டிருந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. சாவுக்குப் பயப்படவில்லை. ஒற்றைக் காலோடு நான் வீட்டுப் படி ஏற முடியாதே, இவர் முதுகில் ஏற வேண்டுமே என்றுதான் பயந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

கண் விழித்தபோது காதில் கேட்டது ஊஷ், ஊஷ் சத்தம். வலது காலில். மோராக் வேலைக்கு வந்திருந்தாள். கருவியை என் காலில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வீக்கம் வடிய வேண்டுமென்று கெண்டைக்காலைக் கிழித்து வைத்திருந்தார்கள். அது ஆறி நான் நடக்க மாதங்கள் ஆயின. தழும்பு இன்னும் இருக்கிறது, நீளமாக, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு வசதியாக. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்று நெட்டை டாக்டர் சொன்னாள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். "அவளுடைய மாப்பிள்ளை," என்று ஜீன் முந்திக்கொண்டாள். "நேற்றுதான் நிச்சயமாயிற்று."

புறங்காலில் நாடி எங்கே துடிக்கும் என்று மோராக் என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அதற்குப் பிறகு யார் காலைப் பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் குறி போடக் கை பரபரக்கிறது.

6

ஆக, கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்த அன்று நான் அக்காவிடம் சொன்னேன். "நான் வந்து தூக்கிப் பாக்கேன்க்கா, போர்வைய."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து போர்வையத் தூக்கவா வருவ?"

"ஆமா. வேற எதுக்கும் வரல."

மலையில் படிதான் சத்துரு என்பதால், பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம், பிறகு கொழிஞ்சாம்பாறையில் சண்முகத்தின் தரைமட்டமான வீட்டில் நடைப் பயிற்சி செய்யலாம் என்று முடிவாயிற்று. சண்முகமும் கிளம்பினார். அக்காவிடம் போனில், "ஏனுங்க்கா, நீங்க வாங்க. ரசத்துக்கு நானாச்சுங்க," என்றார். முருகேசன் வட்டவடையிலிருந்து ஜீப்பிலேயே அக்காவை இறக்கிக் கொண்டுவந்தான். கூடவே ஒரு சாக்கு மூட்டை. என்னடா என்று பிரித்தால், அக்கம் பக்கத்துப் பெண்கள் ஆளாளுக்குக் கொடுத்து அனுப்பிய கம்பளிச் சாக்ஸ். குல்லாக்கள். ஒரு மப்ளர். மே மாதப் பாலக்காட்டு வெயிலில்! மூட்டையோடு பறிமுதல் செய்து ஜீப்பிலேயே திருப்பிப் போட்டேன். "சித்தி, ஊருக்குப் போயி நான் என்ன பதில் சொல்ல?" என்று முருகேசன் கேட்டான். கிளாஸ்கோவிலிருந்து ஒரு பைத்தியம் வந்திருக்கிறது என்று சொல் என்றேன்.

அந்தப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கிளாஸ்கோவில் நோயாளியோடு யாரும் தங்கக் கூடாது; மணி அடித்தால் வெளியே. அங்கே நோயாளியோடு யாராவது இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். அந்த ஆளுக்குப் பெயர் பைஸ்டாண்டர். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ் உண்டு. பெண்கள் வார்டுக்குப் பெண்தான் வேண்டும், அதுவும் ஒரே ஒருத்தி. வாசல் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டான். என் கைப்பையில் இருந்தது கிளாஸ்கோ டிரைவிங் லைசென்ஸ்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எவிடுத்தெயா சேச்சி?"

"ஸ்காட்லாந்து."

"பைஸ்டாண்டர் ஸ்காட்லாந்தில் நின்னோ வந்தது?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, சக செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்ட பிறகுதான் பாஸ் கிடைத்தது. எங்கள் கேன்டீனில் நல்ல வேலைக்காரி என்று ஒருமுறை எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதைக்கூட நான் இத்தனை பெருமையாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டதில்லை.

டாக்டரிடம் என் கதை முழுவதையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அக்காவின் இரண்டு கால்களிலும் நாடி பார்த்தார், ரத்தக்குழாய்க்குத் தனியாக ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன என்று வந்தது. மலையேறிக் கொழுந்து எடுத்த கால்கள் ஆயிற்றே. ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் நான் கண்மையை எடுத்து அக்காவின் இரண்டு புறங்கால்களிலும் பெருக்கல் குறி போட்டேன்.

"என்னட்டி, காலுக்குத் திருஷ்டிப் பொட்டா?"

"ஆமா. ஊர்க் கண்ணெல்லாம் உன் கால்மேலதான் இருக்காம்."

அவளுக்குக் கழற்ற மெட்டி எதுவும் இல்லை. நர்ஸ் கேட்டபோது, "ஒண்ணும் இல்லம்மா," என்று இரண்டு காலையும் நீட்டிக் காட்டினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

7

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்ததும் நான் என் வேலையைத் தொடங்கினேன். போர்வையைத் தூக்கு, விரலைத் தொடு, குறி போட்ட இடத்தில் கை வை, போர்வையை மூடு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த, பாலக்காட்டுச் சித்தூர்க்கார அம்மா, "ஏனுங்க, அந்தக் கால்ல ஏதாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார். நிலா கிளாஸ்கோவிலிருந்து, "பெரியம்மா கால் சூடா?" என்று தமிழ் எழுத்திலேயே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சூடு, சூடு என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டேன். கால் ஜில்லென்று இருந்தது.

இடது காலைத் தொட்டேன். சூடு. மறுபடி வலது கால். ஐஸ். குறி போட்ட இடத்தில் நாடியைத் தேடினால், அவசரத்தில் எதுவும் அகப்படவில்லை. அக்கா அரைத் தூக்கத்தில் இருந்தாள். ஊசி மரப்பு இன்னும் போகவில்லை, அவளைக் கேட்டுப் பயனில்லை. நான் சத்தியம் செய்து கூட்டிவந்தவள். "எனக்கு யாருட்டி இருக்கா" என்று கேட்டவள். இவளுக்குக் கால் போனால் அந்தப் படியில் இனி சறுக்கக்கூட முடியாதே!

"சிஸ்டர்!" என்று கத்தினேன். அன்று சண்முகம் கத்தியது மாதிரியே. வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். வாசலில் ரசத்தோடு வந்து நின்ற சண்முகம் பாஸ் இல்லாமலேயே உள்ளே பாய்ந்தார். பின்னால் செக்யூரிட்டி.

மூத்த நர்ஸ் போர்வையை முழுவதுமாக விலக்கினாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அக்காவின் பாதத்துக்குக் கீழே கை விட்டு ஒரு நீலப் பையை உருவி எடுத்தாள். வீக்கம் வராமலிருக்க முழங்காலில் கட்டியிருந்த ஐஸ் பை. கட்டு நழுவிச் சறுக்கி வந்து பாதத்தில் சுகமாகப் படுத்திருந்தது.

"சேச்சி, பேடிக்கண்டா," என்றாள், பயப்படாதே என்று. அதோடு விட்டுவிடாமல், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பேனாக் கருவியையும் வரவழைத்துப் பசை தடவி வைத்தாள். ஊஷ், ஊஷ், ஊஷ். கனமாக, அவசரமில்லாமல். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புது முழங்கால் மடங்குவது அன்றுதான் எனக்கு உபயோகப்பட்டது. சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. சித்தூர்க்கார அம்மாவும் சிரித்தார். செக்யூரிட்டியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே சண்முகத்தை வெளியே கூட்டிப் போனான்.

இந்தச் சத்தத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அது என்னட்டி சத்தம்?"

"உங் கால்ல ரத்தம் ஓடுதுக்கா."

"என் ரத்தமா? நம்ம ஃபாக்டரி ஓடுன மாதிரில்லா கேக்கு!" அவள் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள். "அந்தப் பிள்ளைட்ட இன்னொருக்கா வைக்கச் சொல்லு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை வைத்தாள். அக்கா அதை ஒரு முழுப் பாட்டு கேட்பது மாதிரி கேட்டாள். நர்ஸ்கள் போனதும் வார்டு அடங்கியது. நான் நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். ஐஸின் குளிர்ச்சி போய் மெல்ல மெல்லச் சூடு ஏறியது. பெருவிரலுக்கு அடுத்த விரல். மெட்டி கிடந்த இடத்தில் மட்டும் தோல் இன்னும் வழவழவென்று, மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது.

"சூடாத்தான இருக்கு?"

"சூடா இருக்குக்கா."

"பெறகு ஏம்ட்டி பிடிச்சுக்கிட்டே இருக்க?"

"சும்மா கெட. நான் பைஸ்டாண்டர். பாஸ் இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"உங்க அத்தான் போனதுக்கப்பறம் இந்த வெரல யாருமே தொட்டதில்லட்டி," என்றாள். "இரு. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இரு."